அமைதி மலையில் நான்கு மிதிவண்டிகள்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் நிலப்படத்தில் மலைகள் பழுப்பு நிறத்திலும் ஆறுகள் நீல நிறத்திலும் இருக்கும். அவற்றை விரலால் தொட்டுப் பாடம் படித்த நமக்கு, நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தால் உள்ளம் எவ்வளவு பூரிக்கும்! சென்ற மே மாதம், கோடை விடுமுறையில் அத்தகைய வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. அதை இந்த ஆண்டு மலரின் வழியாகத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். "நாங்கள்" என்பது நானும், நம் பள்ளியிலேயே எட்டாம் வகுப்பில் பயிலும் என் தங்கையும். எழுதும் கை ஒன்று என்றாலும் கண்ட கண்கள் நான்கு. ஆகவே இக்கட்டுரை எங்கள் இருவருடையது.

எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். புதுவையில் இப்படிப் பல குடும்பங்கள் உண்டு என்பதைத் தோழியர் அறிவீர்கள். அவர் பெரியம்மாவோடும் ஒரே மகளான அக்காவோடும் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் வசிக்கிறார். இசேர், திராக் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் சமவெளியில் அந்நகரம் இருக்கிறது. எந்தத் தெருவின் முனையில் நின்று பார்த்தாலும் ஒரு மலை தெரியும். 1968-ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஊர் அது. நகருக்கு வடக்கே, கோட்டைச் சுவர்போல எழுந்து நிற்பதுதான் ஷார்த்ரூஸ் மலைத்தொகுதி. அங்கே ஒரு வாரம் தங்கி மிதிவண்டியில் சுற்றிவரலாம் என்று பெரியப்பா ஏற்பாடு செய்திருந்தார்.

பூங்கா என்றால் என்ன?

அம்மலைப் பகுதியை "ஷார்த்ரூஸ் வட்டார இயற்கைப் பூங்கா" என்று அழைக்கிறார்கள். பூங்கா என்றதும் நம் ஊர்ப் பாரதி பூங்காவைப்போல வேலியும் வாயிலும் இருக்கும் என்றே நாங்கள் எண்ணினோம். அங்கே வேலியும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. ஊர்கள் இருக்கின்றன, மாடு மேய்கிறது, மரம் அறுக்கும் ஆலை ஓசையிடுகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது. மக்கள் வாழ்ந்துகொண்டே தங்கள் காட்டையும் மலையையும் தொழிலையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காக 1967-இல் பிரான்சு அரசு வகுத்த திட்டம் இது. ஷார்த்ரூஸ் பூங்கா 1995-இல் அமைந்தது. இதன் மிக உயர்ந்த சிகரம் ஷாம்ஷோத். உயரம் 2082 மீட்டர். மே மாதத்திலும் அதன் தலையில் பனி வெள்ளைத் துண்டுபோலக் கிடந்தது.

கிரெனோபிளிலிருந்து மலைமேல் செல்லும் நேர்வழி போர்த் கணவாய் வழியாகும். நகரம் இருப்பது ஏறத்தாழ 212 மீட்டர் உயரத்தில். கணவாய் இருப்பது 1326 மீட்டரில். சுமார் 17 கிலோமீட்டருக்குள் இவ்வளவு உயரமும் ஏறவேண்டும். டூர் டி பிரான்ஸ் என்னும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம் 1907-இலேயே இந்தக் கணவாயைக் கடந்தது. பந்தய வீரர்கள் ஏறிய அந்த ஏற்றத்தை நாங்கள் பெரியம்மாவின் காரில் அமர்ந்து, மிதிவண்டிகளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு கடந்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள சேன் பியேர் த ஷார்த்ரூஸ் என்னும் சிற்றூரில் எங்களுக்காக ஒரு வாடகை வீடு காத்திருந்தது.

வீட்டில் இருந்த மௌனம்

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் எங்கள் பயணத்தில் பாதியைச் சொல்லாதவர்கள் ஆவோம். அக்காவின் இசைவோடுதான் இதை எழுதுகிறோம்.

அக்கா செவிலியர் படிப்பு முடித்து மருத்துவமனையில் வேலை பார்த்து வந்தார். ஈஸ்டர் திருநாளுக்குப் பிறகு ஒரு நாள், வரும் செப்டம்பரில் தாம் ஒரு துறவறச் சபையில் சேரப்போவதாகப் பெற்றோரிடம் சொல்லியிருக்கிறார். பெரியப்பா கோபப்படவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகளோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மௌனத்துக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. "அவளைச் சாப்பிட வரச் சொல்" என்று பெரியப்பா பெரியம்மாவிடம் சொல்வார். "அப்பாவுக்கு மருந்து எடுத்து வைத்திருக்கிறேன்" என்று அக்கா பெரியம்மாவிடம் சொல்வார். மூவரும் ஒரே மேசையில்தான் அமர்ந்திருப்பார்கள்.

நம் பள்ளியில் இறையழைத்தல் ஞாயிறன்று நாம் அனைவரும் மன்றாடுகிறோம். "அறுவடைக்கு ஆட்களை அனுப்பும்" என்று கேட்கிறோம். அந்த ஆள் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டும் என்பதையும், அந்த வீட்டில் ஒரு நாற்காலி காலியாகும் என்பதையும் நாங்கள் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. பெரியப்பாவைக் குற்றம் சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அக்காவைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ரொட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவதே எங்கள் வேலையாயிற்று.

வெள்ளைச் சாலைகள்

முதல் நாள் மாலை பெரியப்பா சாலைப் படத்தை மேசைமேல் விரித்தார். மிஷ்லேன் நிறுவனத்தின் படம் அது. பெரிய சாலைகள் சிவப்புக் கோட்டிலும், அடுத்தவை மஞ்சளிலும், சிறியவை வெள்ளையிலும் வரையப்பட்டிருந்தன. ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் அது எழில்மிக்க வழி. சாலையின் குறுக்கே அம்புமுனை போன்ற குறி ஒன்று இருந்தால் ஏற்றம் 5 முதல் 9 விழுக்காடு; இரண்டு இருந்தால் 9 முதல் 13; மூன்று இருந்தால் அதற்கும் மேல். 100 மீட்டர் தூரம் போவதற்குள் 9 மீட்டர் உயரம் ஏறினால் அதுவே 9 விழுக்காடு. "மூணு குறி இருந்தா நீங்க ரெண்டு பேரும் இறங்கித் தள்ளுவீங்க. அதனால மூணு குறி வேண்டாம்" என்று சிரித்தார். கணக்குப் பாடத்தில் விழுக்காடு கற்றபோது, அது ஒரு நாள் எங்கள் முழங்கால்களைச் சோதிக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

சிவப்பை விட்டுவிட்டு, வெள்ளையையும், வேறு வழி இல்லாத இடத்தில் மஞ்சளையும் இணைத்துப் பென்சிலால் கோடு போட்டார். மஞ்சள் சாலையில் போகவேண்டிய இடங்களைக் காலை ஒன்பது மணிக்குள் கடந்துவிட வேண்டும் என்றார். அதற்குமேல் மோட்டார் சைக்கிள்காரர்கள் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் அதிகம். ஆகவே தொலைவான பயணத்தை வாரநாளில் வைத்துக்கொண்டோம். மலையில் பிற்பகலில் இடி மழை வரக்கூடும் என்பதும் காலையிலேயே புறப்படுவதற்கு இன்னொரு காரணம்.

அந்நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும். இது எங்களுக்கு முதல் அரைமணி நேரம் தலைசுற்றலாக இருந்தது. ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்திச் செல்லும் கார் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். நாங்கள் கண்ட ஓட்டுநர்களில் பெரும்பாலோர் பொறுமையாகப் பின்னால் வந்து, வளைவு முடிந்த பிறகே கடந்து சென்றார்கள். தங்கை ஒவ்வொருவருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்ல முயன்றாள். "ரெண்டு கையையும் எடுக்காதே!" என்று பெரியப்பா முன்னாலிருந்து கத்தினார்.

முதல் வழி: சேன் ஊக்

முதல் பயணம் மிகவும் சிறியது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் சேன் ஊக் என்னும் சிற்றூர் உள்ளது. மஞ்சள் பூக்கள் நிறைந்த புல்வெளிகளுக்கு நடுவே வெள்ளைச் சாலை மெல்ல ஏறியது. மாடுகளின் கழுத்து மணியோசை தவிர வேறு ஒலி இல்லை. பெரியப்பா முன்னே, நாங்கள் நடுவே, அக்கா கடைசியில் என்பது வரிசை. அது சாலை ஒழுங்கு என்று பெரியப்பா சொன்னார். பேசாமல் இருப்பதற்கும் அது வசதியாக இருந்ததை நாங்கள் கவனித்தோம்.

அவ்வூர்க் கோயில் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கல்கட்டடம். உள்ளே நுழைந்தபோதோ நாங்கள் வாயடைத்து நின்றோம். ஆர்கபாஸ் என்ற ஓவியர் 1953-இல், தம் இருபத்தாறாம் வயதில், இக்கோயிலை ஓவியங்களால் நிரப்பத் தொடங்கினார். முதலில் கையில் பணம் இல்லாததால் சாக்குத் துணியில் கறுப்பும் சிவப்பும் கொண்டு வரைந்தார். பிறகு பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து பொன்னிறம் சேர்த்து வரைந்தார். மறுபடியும் வந்து சிறிய ஓவியங்களைச் சேர்த்தார். முப்பது ஆண்டுகளுக்குமேல் ஒரே கோயிலில் உழைத்தவர் 2018-இல் இறைவனடி சேர்ந்தார். பீடத்துக்குப் பின்னே உள்ள இராவுணவுக் காட்சியின்முன் அக்கா நெடுநேரம் முழந்தாளிட்டிருந்தார். பெரியப்பா கடைசி வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் பீடத்தைப் பார்க்கவில்லை, அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது இறக்கம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. சக்கர விளிம்பு சூடாகிவிடும். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். இதையெல்லாம் பெரியப்பா எங்களுக்குக் கற்றுத் தந்துகொண்டே வந்தவர், திடீரென்று தலையைச் சாய்த்துக் கேட்டார். பின்னால் ஒரு கீச்சொலி. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"பின் பிரேக் ரப்பர் தேய்ஞ்சிருக்கு. இறங்கு" என்றார்.

அக்கா இறங்கினார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு மாதத்துக்குப் பின் அவர் மகளிடம் நேராகப் பேசிய முதல் சொற்கள் அவை. பையிலிருந்து புதிய ரப்பரை எடுத்து, சாலையோரத்தில் அமர்ந்து மாற்றிக்கொடுத்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். "சரி" என்றார். அவ்வளவுதான். ஆனாலும் அன்று இரவு மேசையில் ரொட்டியை நகர்த்தும் வேலை எங்களுக்குச் சற்றுக் குறைந்தது.

இரண்டாம் வழி: இறந்த ஆற்றின் பள்ளத்தாக்கு

அம்மலையில் கியேர் என்ற பெயரில் இரண்டு ஆறுகள் பிறக்கின்றன. ஒன்றின் பெயர் கியேர் மோர், அதாவது "இறந்த கியேர்". மற்றொன்று கியேர் வீஃப், "உயிருள்ள கியேர்". கீழே சமவெளிக்கருகில் இரண்டும் ஒன்றாகின்றன. இறந்த கியேர் என்பது பெயரளவில்தான்! பாறைகளைக் குடைந்து, நுரைத்து, இரைந்து ஓடும் அதன் பள்ளத்தாக்கின் வழியாகவே எங்கள் இரண்டாம் பயணம் அமைந்தது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு, மேலே பீச் மரங்களின் இளம்பச்சை இலைக் கூரை. இடையிடையே பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்கள். அவற்றுக்குள் நுழையும்முன் விளக்கை ஏற்றிக்கொண்டோம். இங்கே மரம் ஏற்றிய லாரிகள் வரும் என்பதால் கைக்குட்டை விழுந்தாலும் நிற்கக் கூடாது என்பது பெரியப்பாவின் கட்டளை.

பள்ளத்தாக்கில் சிறிது தூரம் சென்றபின் கிளைச் சாலை ஒன்று மேலே பிரிகிறது. அந்த வழியில் "அமைதிப் பகுதி" என்ற அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன. அதுவே பெரிய ஷார்த்ரூஸ் துறவு மடத்துக்குச் செல்லும் வழி.

1084-ஆம் ஆண்டு, ரேம்ஸ் நகரில் புகழ்பெற்ற ஆசிரியராயிருந்த புனித புரூனோ, ஆறு தோழர்களோடு இந்த மலைக்கு வந்தார். கிரெனோபிள் ஆயரான புனித ஊகோ அதற்குமுன் கனவில் ஏழு விண்மீன்களைக் கண்டிருந்தாராம். அவரே எழுவரையும் அழைத்துவந்து இவ்விடத்தைக் காட்டினார். கார்த்தூசியன் சபை பிறந்தது இப்படித்தான். 1132-இல் பனிச்சரிவு முதல் மடத்தை அழித்தது. துறவிகள் சிலர் மாண்டனர். எஞ்சியவர்கள் சற்றுக் கீழே இறங்கி மறுபடி கட்டினார்கள். தீவிபத்துகள் பல முறை நேர்ந்தன. 1903-இல் அரசு துறவிகளை வெளியேற்றியது. 1940-இல் திரும்பி வந்தார்கள். 130 மூலிகைகள் கொண்டு வடிக்கப்படும் அவர்களது பானம் உலகப் புகழ் பெற்றது. அது பெரியவர்களுக்கானது என்பதால் அதன் நிறம் பச்சை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மடத்துக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. அதற்குக் கீழே, கோரரி என்னும் பழைய கட்டடத்தில் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. மிதிவண்டிகளை நிறுத்திவிட்டு உள்ளே சென்றோம். ஒரு துறவியின் அறை எப்படி இருக்கும் என்று அங்கே அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, செபிக்கும் இடம், தச்சு வேலைக்கு ஒரு பட்டறை, ஒரு சிறு தோட்டம். உணவு சுவரில் உள்ள சிறு திறப்பின் வழியே வரும். நள்ளிரவில் எழுந்து கோயிலில் கூடி மணிக்கணக்காகப் பாடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எல்லாரும் மலையில் நீண்ட உலா போவார்கள். அப்போது பேசலாம், இருவர் இருவராக நடந்து, துணையை மாற்றிக்கொண்டு பேசுவார்கள். ஒரு ஜெர்மானிய இயக்குநர் இங்கே படமெடுக்க 1984-இல் அனுமதி கேட்டாராம். பதினாறு ஆண்டுகள் கழித்து "இப்போது வரலாம்" என்று பதில் வந்ததாம்! அந்தப் படம் 2005-இல் வெளிவந்தது.

இன்னொரு செய்தியும் அங்கே இருந்தது. துறவியின் குடும்பத்தார் ஆண்டுக்கு இரண்டு நாட்கள் மட்டுமே அவரைச் சந்திக்கலாம்.

பெரியப்பா அந்த இடத்தில் நின்றுவிட்டார். நாங்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தும் அவர் நகரவில்லை. அக்கா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பெரியப்பா எங்களைப் பார்த்து, தாழ்ந்த குரலில், "இவ சேருற இடத்துலயும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தங்கைதான் சட்டென்று, "அக்கா பக்கத்துலதானே நிக்கிறாங்க, பெரியப்பா! அவங்களையே கேளுங்க" என்றாள்.

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பெரியப்பா மெல்லத் திரும்பினார். அக்கா சொன்னார்: "இல்லப்பா. நாங்க நோயாளிகளைப் பார்க்கிற சபை. கதவு பூட்டி இருக்காது. மாசத்துல ஒரு ஞாயிறு நீங்களும் அம்மாவும் வரலாம். கடுதாசி எப்ப வேணும்னாலும் எழுதலாம்."

"மாசத்துல ஒரு ஞாயிறு" என்று பெரியப்பா திருப்பிச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் வரிசையை மாற்றினார். தங்கையை முன்னே விட்டு, அவளுக்குப் பின்னால் என்னை விட்டு, தாம் அக்காவோடு பின்னால் வந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆற்றின் இரைச்சல் அதிகம். எங்களுக்குத் துறவிகளின் வாராந்தர உலா நினைவுக்கு வந்தது.

கார்த்தூசியன் துறவிகளின் முதுமொழி ஒன்று உண்டு: உலகம் சுழல்கிறது, சிலுவை நிலைத்து நிற்கிறது. ஏற்றத்தில் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தபோது அது எங்கள் மனத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

மூன்றாம் வழி: இரண்டு கணவாய்கள்

கடைசிப் பயணம்தான் மிக நீளமானது. காலை ஏழு மணிக்கே புறப்பட்டுவிட்டோம். முதலில் கூஷ்ரோன் கணவாய், 1139 மீட்டர். ஃபர் மரக் காட்டுக்குள் சாலை வளைந்து வளைந்து ஏறியது. "மூச்சு வாங்கினா கியரைக் குறை, வேகத்தைப் பார்க்காதே. பேசிக்கிட்டே மிதிக்க முடியணும், அதுதான் சரியான வேகம்" என்பது பெரியப்பாவின் பாடம். பேசிக்கொண்டே மிதிப்பதில் தங்கையை யாரும் வெல்ல முடியாது. கணவாயின் உச்சியில் உயரத்தைக் காட்டும் பலகை இருந்தது. அதைத் தொட்டுவிட்டு, இறக்கத்தில் குளிர் தாக்காமலிருக்க மேற்சட்டை அணிந்துகொண்டோம்.

மறுபுறம் ஏறத்தாழ 500 மீட்டர் இறக்கம். அடியில் சேன் பியேர் தாந்த்ரமோன் என்னும் ஊர். அதன் நடுவே உயிருள்ள கியேர் ஓடுகிறது. 1860 வரை அந்த ஆறே நாட்டின் எல்லை. இக்கரை பிரான்சு, அக்கரை சவாய். சவாய் பிரான்சோடு இணைந்த பிறகும் இரு கரைகளும் இரு மாவட்டங்களில், ஒரே பெயர் கொண்ட இரண்டு தனி ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. ஒரே பெயர், நடுவே ஓர் ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம். பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தோம். பக்கத்துக் குடிநீர்க் குழாயில் புட்டிகளை நிரப்பிக்கொண்டோம். மலையூர்களில் இப்படிக் கல்தொட்டிக் குழாய்கள் பல உண்டு. "குடிக்கத் தகாதது" என்று எழுதியிருந்தால் மட்டும் அதில் கை கழுவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து மறுபடி 500 மீட்டர் ஏற்றம். வழியில் ஆந்த்ரமோன் ல வியே என்ற ஊரில் குகைக்கரடிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1988-இல் கிரானியே மலைக்குகை ஒன்றில் பழங்காலக் கரடிகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தனவாம். அன்று அதைப் பார்க்க நேரமில்லை. வெயில் ஏறுவதற்குள் கிரானியே கணவாயை அடைய வேண்டும்.

கிரானியே மலை 1933 மீட்டர் உயரம். அதன் வடமுகம் கத்தியால் வெட்டிய வெண்ணெய்க் கட்டிபோல நேராக நிற்கிறது. 1248 நவம்பர் 24-ஆம் நாள் இரவில் மலையின் ஒரு பகுதி அப்படியே இடிந்து விழுந்தது. கீழே இருந்த ஊர்கள் புதைந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சரிந்து வந்த பாறைகள் மியான் என்னும் இடத்தில் மாதா கோயிலின் வாயிலருகே வந்து நின்றுவிட்டன என்று மக்கள் நம்புகிறார்கள். அன்றுமுதல் இன்றுவரை கறுப்பு மாதாவைத் தரிசிக்க யாத்திரிகர்கள் வருகிறார்கள். பாறை விழுந்த நிலத்தில் இப்போது திராட்சைத் தோட்டங்கள் விளைகின்றன. 1134 மீட்டர் உயரமுள்ள கணவாயில் நின்று அந்தச் சமவெளியையும் தொலைவில் ஷாம்பேரி நகரையும் கண்டோம். மாதா மாதமாதலால் அங்கேயே நின்று ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னோம்.

பெரியம்மா காரில் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். எலுமிச்சைச் சாதமும், அந்நாட்டு நீள ரொட்டியும், பாலாடைக்கட்டியும் புல்லில் விரித்த துணியில் பரவின. சாப்பிட்டு முடித்தபின் பெரியப்பா தம் வண்டியைக் கவிழ்த்து வைத்துச் செயினைத் துடைத்தார். பிறகு அக்காவின் வண்டியை எடுத்துக் கவிழ்த்தார். துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"அங்கே சைக்கிள் விட விடுவாங்களா?"

அக்கா சற்றுத் திகைத்தார். "தெரியாதுப்பா. கேட்டுப் பார்க்கிறேன்" என்றார்.

"கேளு. விடலேன்னா வண்டி நம்ம வீட்டிலேயே இருக்கட்டும். நான் எண்ணெய் போட்டு வைக்கிறேன்."

அக்கா பதில் சொல்லவில்லை. பெரியம்மா மட்டும், எடுத்துவைத்த பாத்திரங்களை மறுபடியும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த ஒருமுறை நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

பின்னர் நடந்தது

நாங்கள் ஜூன் முதல் வாரம் புதுவை திரும்பினோம். செப்டம்பர் கடைசியில் பெரியப்பாவின் கடிதம் வந்தது. அக்காவை அவரே காரில் அழைத்துச் சென்று சபை இல்லத்தில் விட்டுவந்ததாக எழுதியிருந்தார். வாசலில் சிலுவை அடையாளமிட்டு, "போய் வா" என்று சொன்னாராம். பிரெஞ்சு மொழியில் விடைகொடுக்கும்போது திரும்பி வருவதைப்பற்றி எல்லாச் சொல்லும் சொல்லாது, ஆகவே தமிழில் சொன்னேன் என்று எழுதியிருந்தார். முதல் மாதம் வீடு மிகவும் பெரிதாகத் தெரிகிறதாம். பெரியம்மா இரவில் இன்னும் ஐந்து தட்டு எடுத்துவைத்து, பிறகு திரும்ப வைக்கிறாராம். இரண்டு எங்களுக்கு வைத்துப் பழகியது, ஒன்றுதான் அக்காவுடையது என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். மிதிவண்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. சபைத் தலைவி இன்னும் முடிவு சொல்லவில்லை. வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் இடுகிறார்.

அன்புத் தோழியரே! எல்லாருக்கும் ஆல்ப்ஸ் மலைக்குப் போகும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆனால் வெள்ளைச் சாலைகள் எங்கும் உண்டு. திரும்பி வந்தபின் நாங்கள் இருவரும் சனிக்கிழமை காலைகளில், பெருஞ்சாலையை விட்டு, ஊசுட்டேரிப் பக்கம் உள்ள சிறு வழிகளில் மிதிவண்டி ஓட்டிப் பழகுகிறோம். சில வாரங்களாக அப்பாவும் கூட வருகிறார். வீட்டில் நேருக்கு நேர் அமர்ந்து பேச முடியாததைப் பக்கத்தில் பக்கத்தில் மிதித்துக்கொண்டு பேச முடிகிறது. உங்கள் வீட்டிலும் யாரேனும் மௌனமாக இருந்தால், அவரையும் ஒரு காலைப்பொழுதில் அழைத்துப் பாருங்கள். பிரேக் ரப்பரை மட்டும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இறையழைத்தல் ஞாயிறன்று இனி மன்றாடும்போது, புறப்படுகிறவர்களோடு, வாசலில் நின்று வழியனுப்புகிறவர்களையும் சேர்த்து நினைப்போம். 

பத்தாம் வகுப்பு மாணவி